திறப்பதற்கு முன் அளத்தல்: பழைய கார் எஞ்சினில் கம்ப்ரஷன் குறைவைக் கண்டறியும் முறை

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறும்போது, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில், காற்றும் பெட்ரோல் ஆவியும் சேர்ந்த கலவை ஒரு சிறிய இடத்துக்குள் நெருக்கப்படுவதே கம்ப்ரஷன் எனப்படுகிறது. இந்த அழுத்தம் வெளியேறாமல் தடுக்கும் பொறுப்பு நான்கு இடங்களுக்கு உரியது: பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள், கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வு, புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு, சிலிண்டர் பிளாக்குக்கும் அதன்மேல் அமரும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கப்படும் ஹெட் கேஸ்கட். நான்கில் எது கசிந்தாலும் ஓட்டுநர் காணும் அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றே. காலையில் வண்டி எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை, நின்று ஓடும்போது எஞ்சின் உதறுகிறது, பாலம் ஏறும்போது பிக்கப் இருப்பதில்லை, மைலேஜ் குறைகிறது. அறிகுறி ஒன்றாக இருந்தாலும் செலவு ஒன்றல்ல. டேப்பட் இடைவெளியைச் சரிசெய்வது ஃபீலர் கேஜும் ஸ்பேனரும் கொண்டு ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை, சிலிண்டரைப் பெரிதாக வெட்டும் போரிங் என்பதோ எஞ்சினையே இறக்கிப் பிரித்து லேத்துக்குக் கொண்டுபோகும் வேலை. ஆகவே கம்ப்ரஷன் குறைந்திருக்கிறதா என்பதைவிட, எந்தச் சிலிண்டரில், எந்த வழியாகக் குறைகிறது என்பதே விடை காண வேண்டிய கேள்வி.

கறம்பக்குடி போன்ற ஊரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. ஹெட்டைக் கழற்றிய பின் வால்வு சீட் வெட்டவோ, ஹெட்டின் முகத்தைச் சமன்செய்யவோ கிழக்கே பட்டுக்கோட்டைக்கோ, மேற்கே புதுக்கோட்டைக்கோ, வடக்கே தஞ்சாவூருக்கோ அனுப்ப நேர்ந்தால் வண்டி பல நாள் ஒரே இடத்தில் நிற்கும். தவறான முடிவோடு பிரித்த எஞ்சின் அதே குறையோடு திரும்பி வருவதும் உண்டு. மேலும், 15 ஆண்டு நிறைந்த சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பித்தால் அது ஐந்தாண்டுக்குச் செல்லும் என்ற நிலையில், அந்தக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்பே எஞ்சின் அத்தனை காலம் தாங்குமா என்று அளந்து பார்ப்பது உடைமையாளருக்கு நல்லது.

இவ்வியலில் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது, 1958 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரிக்கப்பட்ட அம்பாசிடர் கார் நெடுங்காலம் தாங்கிவந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினாகும். பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பால் ஆன நான்கு சிலிண்டர் எஞ்சின் இது. 1983இல் வந்த மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சின் மூன்று சிலிண்டர் உடையது, அதன் ஹெட் அலுமினியத்தால் ஆனது. வேறுபாடு வருமிடங்களில் அது தனியே குறிக்கப்படும். அம்பாசிடரில் பின்னாளில் பொருத்தப்பட்ட இசுசு எஞ்சினுக்கு இங்குள்ள அளவுகள் பொருந்தா. டீசல் எஞ்சினுக்கோ முறையே வேறு. அதன் அழுத்தம் பெட்ரோல் எஞ்சினைப் போல் மும்மடங்கு வரை போகும் என்பதால் பெட்ரோல் வண்டிக்கான கம்ப்ரஷன் கேஜை அதில் மாட்டுவது கருவியைக் கெடுப்பதோடு கையையும் காயப்படுத்தும்.

தேய்மானம் வரும் வழி

இப்பகுதியில் கம்ப்ரஷனைக் கெடுப்பவற்றுள் முதலாவது செம்மண் தூசி. தார்ச்சாலையை விடுத்து வண்டிப்பாதையில் இறங்கும் கார், முன்னால் போகும் டிராக்டரின் தூசியை இழுத்துக்கொண்டே ஓடுகிறது. ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தாலோ, அதன் மூடி சரியாக அமராமல் ஒரு பக்கம் வாய் திறந்திருந்தாலோ, அந்தத் தூசியிலுள்ள மணற்துகள் இன்லெட் வழியே சென்று எண்ணெயோடு கலந்து, ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே அரைக்கும் பசையாக வேலை செய்கிறது. இரண்டாவது, ரேடியேட்டரில் ஊற்றப்படும் ஆழ்துளைக் கிணற்று நீர். அதில் கரைந்துள்ள உப்புகள் சூட்டில் பிரிந்து நீர்வழிகளின் உட்சுவரில் படிவதால் சூடு வெளியேறுவது தடைபடுகிறது. எஞ்சின் ஓரிருமுறை கொதித்துவிட்டால் ஹெட் நெளிந்து கேஸ்கட் விட்டுக்கொடுக்கிறது. அலுமினிய ஹெட் உள்ள மாருதி 800க்கும் பிரீமியர் பத்மினிக்கும் இந்த ஆபத்து வார்ப்பிரும்பு ஹெட்டைவிட அதிகம். தூசி பல ஆண்டுகளில் செய்யும் கேட்டை, கொதிப்பு ஒரு பிற்பகலில் செய்துவிடும்.

கேஜ் காட்டும் எண்

கம்ப்ரஷன் விகிதம் என்பது பிஸ்டன் கீழே இருக்கும்போதுள்ள முழுக் கொள்ளளவை, அது மேலே வந்து நிற்கும்போது எஞ்சியிருக்கும் இடத்தின் அளவால் வகுத்துக் கிடைப்பது. அம்பாசிடர் எஞ்சினின் குறைந்த விகிதமான 7.2ஐ எடுத்துக்கொண்டால், கடல் மட்டக் காற்றழுத்தமான சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டை அதனால் பெருக்கும்போது 106 வருகிறது. கேஜ் வெளிக்காற்றுக்கு மேற்பட்டதை மட்டுமே காட்டுவதால் 91 பவுண்டு தெரிய வேண்டும். ஆனால் நல்ல எஞ்சினில் முள் 120ஐத் தொட்டும் தாண்டியும் நிற்கிறது. நெருக்கப்படும் காற்று சூடேறுவதும், சூடேறிய காற்றின் அழுத்தம் கூடுவதுமே இதற்குக் காரணம். மெதுவாகச் சுழலும் எஞ்சினில் இந்தச் சூட்டைச் சிலிண்டர் சுவர் உறிஞ்சிவிடுகிறது, கசிவுக்கும் நேரம் கிடைத்துவிடுகிறது. பேட்டரி இறங்கிய வண்டியில் எடுக்கப்பட்ட அளவு எந்த முடிவுக்கும் உதவாது என்பது இதனாலேயே. உயரமும் ஒரு காரணி. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றழுத்தமே கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிடுவதால் அங்கு எடுத்த அளவைத் திருத்தித்தான் படிக்க வேண்டும். தாழ்ந்த சமவெளியிலுள்ள கறம்பக்குடியில் கையேட்டின் எண்ணை அப்படியே ஒப்பிடலாம்.

கையேடு கிடைக்காத பழைய வண்டிகளில், எண்ணின் உயர்வு தாழ்வைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடே நம்பத்தக்க சான்று. மிகக் குறைந்த சிலிண்டரின் அளவு, மிக உயர்ந்ததன் அளவில் நான்கில் மூன்று பங்குக்குக் கீழே போகுமானால் அங்கே கசிவு உண்டு என்று கொள்ளலாம். நான்கும் 110ஐ ஒட்டிச் சமமாக இருக்கும் எஞ்சின் உதறாமல் ஓடும். மூன்று 130ஆகவும் ஒன்று 80ஆகவும் உள்ள எஞ்சின் நிற்கும்போதெல்லாம் குலுங்கும்.

கேஜை எடுப்பதற்கு முன்

கருவி ஏதுமின்றிச் செய்யத்தக்க ஒரு சோதனையை அம்பாசிடர் ஓட்டிய தலைமுறை நன்கு அறிந்திருந்தது. முன் பம்பரில் உள்ள துளை வழியே ஹேண்டிலைச் செருகி, இக்னிஷனை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து மெதுவாகச் சுற்றினால், ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் எதிர்த்து நிற்பது கையில் தெரியும்; இரண்டு முழுச் சுற்றில் நான்கும் வந்துவிடும். நல்ல சிலிண்டர் ஹேண்டிலைப் பின்னுக்குத் தள்ளும், கசியும் சிலிண்டர் அழுத்தியவுடன் மெல்ல வழிவிடும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றிப் பிடித்த பெருவிரலை எஞ்சினின் ஒரு பின்னுதை முறித்துவிடும்.

அடுத்து டேப்பட் இடைவெளி. வால்வு தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே இருக்க வேண்டிய இந்தச் சிறு இடைவெளி, 1489 சி.சி. எஞ்சினில் ஆயிரத்தில் 15 அங்குலம், பட்டறைப் பேச்சில் 15 தவ். இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது. ரிங், கேஸ்கட் அனைத்தும் நன்றாக இருந்தாலும் அந்தச் சிலிண்டரில் அழுத்தம் நிற்காது. இந்த எஞ்சினில் எட்டு வால்வுகளை முன்னிருந்து எண்ணி, ஒன்றைச் சரிபார்க்க வேண்டுமானால் அதனோடு கூட்டி ஒன்பது வரும் மற்றொன்றை முழுதாகத் திறந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும்: முதல் வால்வுக்கு எட்டாவது, மூன்றாவதற்கு ஆறாவது. டேப்பட் சத்தம் கேட்காத வண்டியை நல்ல வண்டி என்று மகிழும் வழக்கம் பழைய கார்களைப் பொறுத்தவரை ஆபத்தானது. சிறிதே சத்தமிடும் டேப்பட் வால்வு மூடுகிறது என்பதற்குச் சான்று. சத்தமே இல்லாத டேப்பட் அது மூடாமல் நிற்பதன் அறிகுறியாக இருக்கலாம்.

இந்த இடைவெளி தானே குறைந்துபோவதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. முன்னாளில் பெட்ரோலில் சேர்க்கப்பட்ட ஈயச் சேர்மம், எரிந்தபின் எக்ஸாஸ்ட் வால்வின் சீட்டில் மெல்லிய படலமாகப் படிந்து, வால்வு அறையும்போது உலோகம் உலோகத்தோடு ஒட்டிப் பிய்யாமல் காத்துவந்தது. 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது மக்களின் உடல்நலத்துக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆனால் வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே நேரடியாகச் சீட் வெட்டப்பட்ட பழைய எஞ்சின்கள் அந்தக் காப்பை இழந்தன. கேஸில் ஓடுமாறு மாற்றப்பட்ட வண்டிகளிலும் இதே நிலைதான். சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் அமிழ்கிறது, அதன் தண்டு மேலே உயர்கிறது, இடைவெளி மறைகிறது. மூடியிருக்கும் நேரத்தில்தான் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைச் சீட்டுக்குக் கடத்துகிறது என்பதால், முழுதாக மூடாத வால்வின் விளிம்பு நாளடைவில் கருகி ஓட்டையாகிவிடும். உள்ளூரிலேயே மெதுவாக ஓடும் வண்டியில் இது நிதானமாக நடக்கும். சென்னைக்கு நெடுஞ்சாலையில் நெடுநேரம் விரட்டி ஓட்டப்படும் வண்டியில் விரைவாக நடக்கும். கடினமான உலோகத்தில் சீட் வளையம் பொருத்துவதே நிலையான தீர்வு.

அளக்கும் முறை

டேப்பட் சரி என்று உறுதியான பின், எஞ்சினை வழக்கமான சூட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பிளக் குழிகளைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து அகற்றிய பிறகே பிளக்குகளைக் கழற்ற வேண்டும். இல்லையேல் அந்த மண் முழுவதும் சிலிண்டருக்குள் விழும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, எந்தச் சிலிண்டருடையது எது என்று வரிசையாக வைத்துவிட்டு, தீப்பொறி எழாமலிருக்க காயிலின் சிறிய ஒயரைக் கழற்றிவிட வேண்டும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் உள்ள பிற்கால மாருதியில் பெட்ரோல் பம்பின் ஃபியூஸையும் எடுத்துவிடுவது அவசியம். பின்பு பிளக் துளையில் கேஜைப் பொருத்தி, ஒருவர் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொள்ள, சோக் திறந்திருக்க, செல்ஃப் அடித்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு அழுத்தங்கள் வரை எஞ்சினைச் சுழலவிட வேண்டும். ஆக்சிலரேட்டர் மிதிக்கப்படாவிட்டால் காற்றே உள்ளே போகாமல் நான்கும் குறைவாகக் காட்டும். நல்ல எஞ்சினுக்குப் போரிங் எழுதிக் கொடுக்கப்படும் தவறுகளில் இது மிக எளிதில் நேர்வது.

முள் கடைசியில் நின்ற எண்ணோடு, முதல் அழுத்தத்தில் அது எழுந்த எண்ணையும் குறித்துக்கொள்வது பெரிதும் பயன்தரும். முதலில் தாழ்வாக எழுந்து அடுத்தடுத்த அழுத்தங்களில் படிப்படியாக ஏறினால் ரிங் தேய்வையும், முதலிலும் தாழ்ந்து பின்னும் ஏறாமல் நின்றால் வால்வையும் ஐயுறலாம். அடுத்தடுத்துள்ள இரண்டு சிலிண்டர்கள் மட்டும் ஒருசேரக் குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கட் எரிந்து ஒன்றின் அழுத்தம் மற்றொன்றுக்குள் பாய்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். எல்லாச் சிலிண்டர்களும் சமமாகக் குறைந்து, பின்வரும் எண்ணெய்ச் சோதனையிலும் ஏறவில்லை எனில் வால்வு டைமிங் தவறியிருக்கலாம். டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டிய மாருதி 800இல் இது சாதாரணமாகக் காணப்படுவது. எதிர்பார்த்ததைவிட எண் கூடியிருப்பதும் நற்செய்தியன்று. எரியறையில் படிந்த கார்பன் இடத்தைக் குறைத்து அழுத்தத்தை உயர்த்திக் காட்டுவதால், ரிங் தேய்ந்ததை அது மறைத்துவிடக்கூடும்.

எண்ணெய்ச் சோதனையும் அதன் கணக்கும்

குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியே சிறிது எஞ்சின் ஆயிலை விட்டு மீண்டும் அளப்பது ஈரச் சோதனை எனப்படுகிறது. வாஷர் காய்ந்த சைக்கிள் பம்பில் ஒரு துளி எண்ணெய் விட்டவுடன் காற்று ஏறத் தொடங்குவது போலவே, இங்கும் எண்ணெய் ரிங்கைச் சுற்றிப் பரவித் தற்காலிகமாக இடைவெளியை அடைக்கிறது. எண் நன்றாக ஏறினால் கசிவு ரிங் வழியே. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட் வழியே.

பட்டறைகளில் இச்சோதனை பொய்த்துப்போவது, எண்ணெயைக் கண்மதிப்பாக ஊற்றுவதால். அம்பாசிடரின் ஒரு சிலிண்டரில் பிஸ்டன் நகரும் கொள்ளளவு சுமார் 372 மி.லி. ஆகவும், விகிதம் 7.2 ஆகவும் இருக்கையில், மேலே எஞ்சும் இடம் 60 மி.லி. மட்டுமே. அதில் 5 மி.லி. எண்ணெய் இடம் பிடித்தால் விகிதம் 7.8ஐ நெருங்குகிறது, 10 மி.லி. ஊற்றினால் 8.4 ஆகிறது. எண்ணெய் எதையும் அடைக்காவிட்டாலும், இடத்தைக் குறைத்த ஒரே காரணத்தால் முள் ஐந்தில் ஒரு பங்குவரை ஏறிவிடும். மாருதி 800இல் நிலைமை இன்னும் நுட்பமானது: விகிதத்தை 8.7 என்று கொண்டால் மேலே எஞ்சும் இடம் ஏறத்தாழ 34 மி.லி. என்பதால், 5 மி.லி. எண்ணெயே அதே ஏமாற்றத்தைத் தந்துவிடும். ஆகவே மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சால் அளந்து, அம்பாசிடருக்கு 5 மி.லி.யும் மாருதிக்கு அதில் பாதியும் விட்டு, எல்லாச் சிலிண்டர்களுக்கும் அதே அளவைக் கொடுத்து ஒப்பிட வேண்டும். நல்ல சிலிண்டரில் ஏறியதைவிடக் கெட்ட சிலிண்டரில் எவ்வளவு கூடுதலாக ஏறியது என்பதுதான் சான்று.

காற்றை உட்செலுத்திக் கேட்டல்

கேஜ் கசிவின் அளவைச் சொல்லும். கசியும் இடத்தைக் காதுதான் சொல்ல வேண்டும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் இரும்புக்கூட்டில் காற்று ஓஸுக்கான முனையை வெல்டு வைத்துக்கொண்டால், பஞ்சர் கடையின் கம்ப்ரசரே சோதனைக் கருவியாகிவிடும். சோதிக்கும் சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடிவில் உச்சிக்குக் கொண்டுவந்து, டாப் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துச் சக்கரத்துக்குக் கட்டை வைத்த பின்னரே காற்றைத் திறக்க வேண்டும். பிஸ்டன் சிறிது விலகியிருந்தாலும் காற்று எஞ்சினைச் சுழற்றிவிடும் என்பதால் அப்போது ஹேண்டிலோ கையோ ஃபேன் பக்கம் இருக்கக் கூடாது.

இனி கேட்கவேண்டிய இடங்கள். கார்புரேட்டர் வாயில் சீறல் கேட்டால் இன்லெட் வால்வு, சைலன்சர் நுனியில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் காற்று முகத்தில் அடித்தால் ரிங். ரேடியேட்டர் நீரில் குமிழி எழுந்தால் கேஸ்கட் நீர்வழிப் பக்கம் போயிருக்கிறது, பக்கத்துப் பிளக் துளையில் கேட்டால் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே போயிருக்கிறது. எந்த எஞ்சினிலும் ரிங் வழியே சிறிது காற்று கசியத்தான் செய்யும், ஏனெனில் ரிங் தன் வாயில் இடைவெளியோடுதான் செய்யப்படுகிறது. நல்ல சிலிண்டரின் ஓசையை முதலில் கேட்டுக்கொண்டால் கெட்டதை இனங்காண்பது எளிது. வால்வுக்கோ அத்தகைய சலுகை கிடையாது. மூடிய வால்வில் சீறல் கேட்டாலே அது குறை.

நீலப் புகையைக் கண்டவுடன் போர் போய்விட்டது என்று தீர்ப்பளிப்பது பரவலான பழக்கம். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது ஒரு குப்பென்று வரும் நீலப் புகை, வால்வு கைடு வழியே எண்ணெய் இறங்குவதால் வருவது; அதற்கும் கம்ப்ரஷனுக்கும் நேரடித் தொடர்பில்லை. பாரமேற்றி மேடேறும்போது விடாமல் வரும் நீலப் புகையே ரிங்கைக் காட்டுவது.

ஹெட்டைத் திறந்த பின்

சோதனைகள் வால்வைக் காட்டினால், ஹெட்டைக் கழற்றி, கவிழ்த்து, போர்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி, எந்த வால்வின் விளிம்பில் ஈரம் கசிகிறது என்று பார்ப்பது உறுதிச் சான்று. சீட்டில் சிறு புள்ளிகளே இருப்பின் கிரைண்டிங் பேஸ்ட் இட்டுக் கையால் தேய்ப்பது போதும். விளிம்பு கருகியிருந்தால் வால்வையே மாற்றிச் சீட்டை வெட்ட வேண்டும்.

சோதனைகள் ரிங்கைக் காட்டினால், ரிங் மட்டும் மாற்றலாமா, போரிங்கே வேண்டுமா என்பதை அளந்து முடிவுசெய்ய வேண்டும். சிலிண்டர், ரிங் ஏறி நிற்கும் உச்சிப் பகுதியில் அதிகமாகவும் அடியில் மிகக் குறைவாகவும் தேய்வதால் மேலே அகன்று கீழே குறுகிய வடிவத்தை அடைகிறது. டயல் கேஜ் இல்லாத இடத்திலும் இதை அளக்க ஒரு வழி உண்டு. புதிய ரிங் ஒன்றைப் பிஸ்டனில் மாட்டாமல் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் வாயிடைவெளியை மேலே ஓரிடத்திலும் அடியில் ஓரிடத்திலும் ஃபீலர் கேஜால் அளந்து, இரண்டின் வேறுபாட்டை 3.14ஆல் வகுத்தால் விட்டத்தின் வேறுபாடு கிடைக்கிறது. மேலே 0.60 மி.மீ., அடியில் 0.30 மி.மீ. என்றால், விட்டம் ஏறத்தாழ 0.1 மி.மீ. வேறுபடுகிறது. இந்த அளவைத் தாண்டினால் புதிய ரிங் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் விரிந்து சுருங்க நேர்ந்து விரைவில் தளர்ந்துவிடும். பழைய ரிங் எட்டாததால் உச்சியில் தேயாமல் நிற்கும் விளிம்பில் மோதி மேல் ரிங் உடைவதும் உண்டு. அத்தகைய சிலிண்டரில் செலவைக் குறைக்கவென்று ரிங் மட்டும் மாற்றுவது, ஒரே வேலைக்கு இருமுறை பணம் கட்டும் வழி. வேறுபாடு அந்த அளவுக்குள் இருந்தால், சிலிண்டர் சுவரை மெல்லத் தேய்க்கும் ஹோனிங் செய்து ரிங் மாற்றுவது ஏற்கத்தக்கது.

போரிங் என்று முடிவானால், பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே பிளாக்கை லேத்துக்கு அனுப்ப வேண்டும். ஆயிரத்தில் 20 அங்குலம், 40 அங்குலம் எனச் சைஸ் வாரியாக வரும் பிஸ்டன்களில் எது கிடைக்கிறதோ அதற்கேற்பத்தான் சிலிண்டரை வெட்ட முடியும். 1949இல் சென்னையில் தொடங்கப்பட்ட இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற நிறுவனங்கள் தமிழ்நாட்டிலேயே இருந்தும், உற்பத்தி நின்றுபோன காருக்கு எல்லாச் சைஸும் எப்போதும் கடையில் இருக்கும் என்று எண்ணக் கூடாது. பிளாக்கோடு நான்கு பிஸ்டன்களையும் கொடுத்து, ஒவ்வொரு சிலிண்டரையும் அதனதன் பிஸ்டனை அளந்து வெட்டுமாறு எழுதிக் கொடுப்பதும், எந்தப் பிஸ்டன் எந்தச் சிலிண்டருக்கு என்று தலையில் எண் பொறித்து வாங்குவதும் நன்று. எஞ்சின் பூட்டப்பட்டு ஆயிரம் கிலோமீட்டர் ஓடி ரிங்குகள் படிந்த பின், சூடான எஞ்சினில், நிறைந்த பேட்டரியில், ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்து எடுக்கப்படும் நான்கு எண்களைத் தேதியோடும் கிலோமீட்டரோடும் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த முறை பிக்கப் குறையும்போது ஒப்பிடுவதற்கு அந்த வண்டிக்கே உரிய அளவு அதுவே.